குதிரைக்குக் கொள்ளு யார் கணக்கில்?

2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் போட்டியில் ரஃபால்கா என்ற பெண் குதிரை ஒன்று கலந்துகொண்டது. பதக்கம் எதையும் வெல்லவில்லை. ஆனாலும் அவ்வாண்டு முழுவதும் அமெரிக்கப் பத்திரிகைகளில் அதன் பெயர் விடாமல் அடிபட்டது. காரணம், அதன் உரிமையாளர்களுள் ஒருவர் ஆன் ரோம்னி. அவருடைய கணவர் மிட் ரோம்னி, அதிபர் தேர்தலில் பராக் ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர். பெரும் செல்வந்தர்.

ரஃபால்கா ஓடிப் பந்தயம் வெல்லும் குதிரை அன்று. 'டிரெசாஜ்' என்னும் போட்டிக்குப் பழக்கப்பட்டது. குதிரை கிட்டத்தட்ட நடனம் ஆடுவதுபோல் அடியெடுத்து வைக்கும் போட்டி அது. ஆன் ரோம்னி 1998ஆம் ஆண்டு மல்டிபிள் ஸ்கெலரோசிஸ் என்னும் நரம்பு நோயால் பாதிக்கப்பட்டவர். குதிரைச் சவாரிதான் தமக்கு மறுபடியும் தெம்பு அளித்தது என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். அதில் யாருக்கும் குறை இல்லை. சர்ச்சையைக் கிளப்பியது தம்பதியரின் 2010ஆம் ஆண்டு வருமான வரிப் பாரம். அந்தக் குதிரையில் அவர்களுக்கு இருந்த பங்குக்காக 77,731 அமெரிக்க டாலர் 'வியாபார நட்டம்' என்று அதில் காட்டப்பட்டிருந்தது.

"குதிரை வளர்ப்பது வியாபாரமா? அப்படியானால் நாங்கள் பூனை வளர்ப்பதும் வியாபாரந்தானே!" என்ற பாணியில் கேலி கிளம்பியது. தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கோ கொண்டாட்டம். ஆனால் கேலி செய்தவர்களில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த 77,731 டாலரில் அவ்வாண்டு அவர்களால் உண்மையில் கழிக்க முடிந்தது ஒரு சாதாரண இரவுச் சாப்பாட்டுச் செலவு அளவுக்குத்தான். மீதியைச் சட்டம் ஒதுக்கி வைத்துவிட்டது. ஏன் ஒதுக்கியது, யாருக்கு ஒதுக்காமல் விடுகிறது என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

முதலில் அடிப்படைக் கணக்கைப் பார்ப்போம். வருமான வரி என்பது லாபத்தின் மீது விதிக்கப்படுவது. ஒருவர் கடை நடத்தினால் கிடைத்த பணத்திலிருந்து வாடகை, சம்பளம், சரக்கு விலை ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி கட்டுவார். கடையில் நட்டம் வந்தால், அவருக்கு வேறு வழியில் வந்த வருமானத்திலிருந்து அந்த நட்டத்தைக் கழிக்கலாம். இது நியாயமான ஏற்பாடு. இது இல்லாவிட்டால் புதிதாகத் தொழில் தொடங்க யாருக்கும் துணிச்சல் வராது.

இந்த நியாயமான கதவின் வழியாகத்தான் குதிரையும் உள்ளே நுழைகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் சம்பாதிக்கும் ஒரு மருத்துவர் நான்கு குதிரைகள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாயம், தீவனம், லாடம், கால்நடை மருத்துவர், பயிற்சியாளர், சவாரிக்காரர் என்று ஆண்டுக்கு 200,000 டாலர் கரைகிறது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். இதைப் 'பொழுதுபோக்கு' என்று சொன்னால் முழுச் செலவும் அவர் தலையில். 'குதிரை வளர்ப்புத் தொழிலில் ஏற்பட்ட நட்டம்' என்று சொன்னால், அமெரிக்காவின் உச்ச வரி விகிதமான 37 விழுக்காட்டின்படி 74,000 டாலர் வரி குறைகிறது. அவர் கையிலிருந்து போவது 126,000 டாலர். மீதி 74,000 டாலரை அரசாங்கக் கருவூலம், அதாவது ஊரார், ஏற்றுக்கொள்கிறார்கள். 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இன்றைய நிலவரமே இது. 1950களில் இது எப்படி இருந்திருக்கும்? 1954 முதல் 1963 வரை அமெரிக்காவின் உச்ச வரி விகிதம் 91 விழுக்காடு. அந்த உச்ச விகிதத்தில் இருந்த செல்வந்தருக்கு 200,000 டாலர் குதிரை நட்டத்தின் உண்மையான விலை வெறும் 18,000 டாலர். அதோடு நிற்கவில்லை. வளர்ப்புக்கென வைத்திருந்த குதிரையைப் பிறகு லாபத்துக்கு விற்றால், அந்த லாபத்துக்கு மூலதன ஆதாயம் என்ற கணக்கில் 25 விழுக்காடுதான் வரி. தீனி போடும்போது 91 விழுக்காட்டுச் சலுகை, விற்கும்போது 25 விழுக்காட்டு வரி. அக்காலத்துப் பணக்காரர்கள் நகரத்தில் சம்பாதித்துவிட்டுக் கிராமத்தில் பண்ணை வாங்கிப் போட்டதற்குக் காற்று வாங்கும் ஆசை மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

அரசாங்கம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1943ஆம் ஆண்டின் வருமானச் சட்டத்திலேயே ஒரு கட்டுப்பாடு வந்தது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் 50,000 டாலருக்கு மேல் நட்டம் காட்டினால், 50,000க்கு மேற்பட்ட தொகையைக் கழிக்க முடியாது என்றது அது. சிகாகோ பேரங்காடிக் குடும்பத்தின் வாரிசான மூன்றாம் மார்ஷல் ஃபீல்ட் நட்டத்தில் ஒரு செய்தித்தாளை நடத்திவந்தார். அவரைக் குறிவைத்துத்தான் சட்டம் வந்தது என்று பேசப்பட்டதால், அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் சட்டத்தில் பெரிய ஓட்டை. 'தொடர்ந்து ஐந்து ஆண்டுகள்' என்றுதானே இருக்கிறது? நான்காம் ஆண்டோ ஐந்தாம் ஆண்டோ ஒரு நல்ல குதிரையை விற்று, சில கட்டணங்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட்டு, அந்த ஓராண்டு நட்டத்தை 49,000க்குக் கொண்டுவந்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான்!

எனவே 1969ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தத்தில் அது நீக்கப்பட்டு, 183ஆம் பிரிவு கொண்டுவரப்பட்டது. இன்றுவரை நடப்பில் இருப்பது இதுதான். தொகை எவ்வளவு என்று இது பார்ப்பதில்லை. மனத்தில் என்ன இருந்தது என்று பார்க்கிறது. லாபம் ஈட்டும் உண்மையான நோக்கத்தோடு செய்யப்பட்டால் தொழில், இல்லாவிட்டால் பொழுதுபோக்கு. இதில் குதிரைக்கென்றே ஒரு தனிச் சலுகையும் உண்டு. மற்றத் தொழில்களில் ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டு லாபம் காட்டினால் அது தொழில் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். குதிரை வளர்ப்பு, பயிற்சி, போட்டி, பந்தயம் ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டுகளில் இரண்டு ஆண்டு லாபம் காட்டினாலே போதும். அந்த இரண்டு ஆண்டுகளில் எவ்வளவு லாபம் என்ற கேள்வியும் கிடையாது. ஒரு டாலர் என்றாலும் லாபம் லாபந்தான்.

இது பணக்காரர்களுக்காகவே தைத்த சட்டை என்று தோன்றும். ஓரளவு உண்மையும் அதில் உண்டு. ஆனால் குதிரைக்காரர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். பெண் குதிரையின் சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். முதல் ஆண்டில் இணை சேர்த்தால் இரண்டாம் ஆண்டில் குட்டி. அது ஒரு வயதுக் குட்டியாக ஏலத்துக்குப் போவது மூன்றாம் ஆண்டில். இரண்டு வயதில்தான் பந்தயத் திடலில் முதல் ஓட்டம். அந்தக் குட்டி ஓடி ஜெயித்தால்தான் தாய்க் குதிரைக்கு மதிப்பு. ஆக, போட்ட முதல் நல்ல முதலா கெட்ட முதலா என்று தெரியவே நான்கைந்து ஆண்டுகள் ஆகிவிடும். கீரைப் பாத்தி போட்டவனையும் தென்னை நட்டவனையும் ஒரே கெடுவில் கணக்குக் கேட்க முடியாதல்லவா?

அபாயமும் சாதாரணமானதன்று. 2006ஆம் ஆண்டு ஃபுளோரிடாவில் நடந்த ஏலத்தில் 'தி கிரீன் மங்கி' என்ற இரண்டு வயதுக் குதிரை 16 மில்லியன் டாலருக்கு விலைபோனது. அது தன் பந்தய வாழ்க்கையில் சம்பாதித்த மொத்தப் பரிசுப் பணம் 10,440 டாலர். ஒரு வெற்றிகூட இல்லை. உண்மையான தொழிலதிபர்களே இப்படி விழும்போது, நட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைப் போலி என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் ஏழில் இரண்டு ஆண்டு லாபம் காட்ட முடியாதவர் கதி என்ன? அவர் தோற்றுவிட்டார் என்று பொருளில்லை. ஆனால் தம் நோக்கம் லாபமே என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். வரித்துறை 1972ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறைகளில் இதற்காக ஒன்பது அளவுகோல்கள் தரப்பட்டுள்ளன. கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறதா, துறை அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டாரா, தம் நேரத்தைச் செலவிடுகிறாரா, வேறு பெரிய வருமானம் இருக்கிறதா, இதில் அவருக்குச் சுகமும் பொழுதுபோக்கும் உண்டா என்றெல்லாம் அவை கேட்கின்றன. கடைசிக் கேள்விதான் சுவாரசியமானது. தொழிலை ரசித்துச் செய்தால் குற்றமா? இல்லை. வரிக்கழிவு பெற வேண்டுமானால் ஒருவர் துன்பப்பட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை என்ற கருத்தை அமெரிக்க வரி நீதிமன்றம் அதே 1972ஆம் ஆண்டு ஒரு பாய்மரப் படகு வழக்கில் எழுதியது. குதிரை வழக்கறிஞர்கள் அதை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இந்த அளவுகோல்கள் நடைமுறையில் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு 1979ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் தீர்த்த இரண்டு வழக்குகள் நல்ல உதாரணம். ஒன்றில் வழக்காடியவர் பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவரும் அவர் மனைவியும். ஓய்வுபெற்ற பிறகு வருமானம் வேண்டும் என்று 'சேடில்பிரட்' வகைக் குதிரைகளை வளர்த்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு நட்டம். ஆனால் அவர்கள் நிபுணர்களைக் கேட்டார்கள், விளம்பரம் செய்தார்கள், ஒரு வழி சரிப்படவில்லை என்றால் வழியை மாற்றினார்கள். லாயத்தைச் சுத்தம் செய்வது போன்ற அழுக்கு வேலைகளையும் தாங்களே செய்தார்கள். ஜெயித்துவிட்டார்கள். இன்னொரு வழக்கில் அரேபியக் குதிரை வளர்த்த ஒருவர். அவரிடமும் பதிவேடுகள் இருந்தன. ஆனால் அந்தப் பதிவேடுகளை வைத்துச் செலவைக் குறைக்கவோ போக்கை மாற்றவோ அவர் முயன்றதாகத் தெரியவில்லை. தோற்றார். இரு தரப்பிலும் குதிரை, இரு தரப்பிலும் நட்டம். தீர்ப்பு மட்டும் எதிரெதிர்.

ரஃபால்காவுக்கு வருவோம். ரோம்னி தம்பதியரைத் தடுத்தது 183ஆம் பிரிவு அன்று. 1986ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வந்த இன்னொரு வேலி அது. ஒரு தொழிலில் பணம் மட்டும் போட்டுவிட்டு விலகி இருப்பவர், அந்த நட்டத்தைத் தம் சம்பளத்திலோ முதலீட்டு ஆதாயத்திலோ கழிக்க முடியாது. அதே போன்ற விலகி நிற்கும் தொழில்களிலிருந்து வரும் வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம். அப்படிப்பட்ட வருமானம் இல்லையென்றால் நட்டம் காத்துக்கொண்டே இருக்கும். இந்த வேலியைத் தாண்ட ஒரு வழி, ஆண்டுக்கு 500 மணி நேரத்துக்கு மேல் அந்தத் தொழிலில் தாமே உழைத்ததாகக் காட்டுவது. வாரத்துக்குப் பத்து மணி நேரம். லாயத்துக்குப் போய்க் குதிரையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வருவதெல்லாம் இதில் சேருமா என்று நீதிமன்றங்களில் மணிக்கணக்கில் வாதம் நடக்கும்.

2017ஆம் ஆண்டு வரிச் சட்டம் மூன்றாவது வேலியைப் போட்டது. தனிநபர் ஒருவர் ஓராண்டில் தொழில் நட்டமாகப் பிற வருமானத்திலிருந்து கழிக்கும் தொகைக்கு உச்சவரம்பு 250,000 டாலர், தம்பதியருக்கு 500,000 டாலர் என்று தொடங்கியது. விலைவாசிக்கேற்ப அது மாறும். மீந்த நட்டம் அடுத்த ஆண்டுகளுக்குப் போகும். 2025ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வரம்பை நிரந்தரமாக்கியது. அதே கையோடு இன்னொரு கதவையும் அகலத் திறந்துவிட்டது. 2025 ஜனவரி 19க்குப் பிறகு வாங்கும் தொழில் சொத்துகளின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே செலவாக எழுதிக்கொள்ளலாம். தொழிலுக்காக வாங்கும் குதிரையும் சொத்துதான். 300,000 டாலருக்கு ஒரு குட்டி வாங்கினால், அது லாயத்தில் நிற்கத் தொடங்கிய ஆண்டிலேயே 300,000 டாலர் செலவுக் கணக்கில் ஏறிவிடுகிறது.

இதில் அடிபடுகிறவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பெரிய பணக்காரர் அல்லர். அவரிடம் கணக்காளர் உண்டு, தொழில் திட்டம் எழுதித் தர ஆலோசகர் உண்டு, வழக்காட வக்கீல் உண்டு. நீதிமன்றம் பார்க்கும் ஒன்பது அளவுகோல்களில் பாதிக்கு மேல் தாள்களால் நிரூபிக்கக்கூடியவை. தாள்களைத் தயாரிக்கப் பணம் வேண்டும். பெரிய தொகை என்றால் தோற்பவர்களும் இருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் வண்டி இழுக்கும் பந்தயக் குதிரைகளை வளர்த்தவர்கள் தோற்று, மேல்முறையீட்டிலும் 2023ஆம் ஆண்டு தோற்றார்கள். ஆனால் போராடிப் பார்க்கும் வசதி அவர்களுக்கு இருந்தது.

கிராமத்தில் இரண்டு குதிரை வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை நினைத்துப் பாருங்கள். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். ஓராண்டு போட்டிகளில் 10,000 டாலர் பரிசு கிடைத்தது. குதிரைகளுக்கு 25,000 டாலர் செலவு. வரித்துறை இதைப் பொழுதுபோக்கு என்று முடிவு கட்டினால் என்ன ஆகும்? 2017 வரை, சில நிபந்தனைகளோடு, வந்த 10,000 டாலர் அளவுக்காவது செலவைக் கழிக்க வழி இருந்தது. 2018 முதல் அதுவும் போய்விட்டது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கதவை நிரந்தரமாகவே அடைத்தது. அவர் 15,000 டாலர் கைநட்டப்பட்டும், 10,000 டாலருக்கு வரி கட்ட வேண்டும். மாளிகைக்காரரைப் பிடிக்கக் கட்டிய கண்ணியில் குடிசைக்காரர் கால் மாட்டுவது புதிதன்று.

கனடா வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. விவசாயம் ஒருவரின் முதன்மை வருமான வழியாக இல்லையென்றால், அதன் நட்டத்தை ஆண்டுக்கு 8,750 கனடிய டாலர் வரைதான் கழிக்கலாம் என்று அங்கு நீண்ட காலம் இருந்தது. பந்தயக் குதிரை வளர்ப்பும் விவசாயத்தில் சேர்த்திதான். டொரான்டோ வழக்கறிஞர் ஒருவர், வக்கீல் தொழிலில் நல்ல வருமானம் இருந்தும், பந்தயக் குதிரைகளில் ஏற்பட்ட நட்டத்தை முழுவதுமாகக் கழித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2012ஆம் ஆண்டு அவர் ஜெயித்தார். அரசாங்கம் என்ன செய்தது? மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தி, மற்ற வருமானம் விவசாயத்துக்கு அடுத்தபடியாக இருந்தால்தான் முழுக் கழிவு என்று எழுதிவிட்டது. உச்சவரம்பை மட்டும் 17,500 டாலராக உயர்த்தியது. மனத்துக்குள் புகுந்து நோக்கத்தைத் தேடுவதைவிட இந்த முறை தேவலை என்றே தோன்றுகிறது. சின்னப் பண்ணைக்காரருக்குக் கொஞ்சம் கிடைக்கும். பெரிய லாயக்காரருக்கும் அதே கொஞ்சந்தான்.

பிரிட்டனில் கோடு வேறு இடத்தில் விழுகிறது. பந்தயக் குதிரை வைத்திருப்பது அங்கே தொழிலே அன்று. பரிசுப் பணத்துக்கு வரியும் இல்லை. செலவுக்குக் கழிவும் இல்லை. குதிரை இனவிருத்தி மட்டும் விவசாயத் தொழில். ஆக ஒரே ஆள், ஒரே குதிரை. இனவிருத்திப் பண்ணையில் நின்றால் தொழில், பந்தய லாயத்துக்குப் போனால் பொழுதுபோக்கு. சீமாட்டி ஜியா வெர்னர் இப்படித்தான் தம் பண்ணையிலிருந்து ஐந்து குதிரைகளைப் பந்தய லாயத்துக்கு மாற்றினார். வளர்த்த செலவை மட்டும் கணக்கில் திருப்பி எழுதினால் போதும் என்பது அவர் தரப்பு. 1955ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. குதிரைகளைச் சந்தை விலைக்குத் தமக்குத் தாமே விற்றதாகக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வரிச் சட்டப் பாடப் புத்தகங்களில் இந்த வழக்கு இன்றும் இடம்பெறுகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குதிரைக்கென்று இப்படித் தனி விதி வகுத்து ஏழு ஆண்டு, இரண்டு ஆண்டு என்று எண்ணுவதில்லை. மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், வருமானம் ஈட்டுவதற்காகவே முழுக்க முழுக்கச் செய்த செலவா என்று கேட்கிறது. சொந்தச் செலவு, வீட்டுச் செலவு என்றால் கழிவு கிடையாது. ஆனால் அது உண்மையில் தொழில்தான் என்று ஏற்கப்பட்டால், இங்கும் அவ்வாண்டின் தொழில் நட்டத்தை மற்ற வருமானத்திலிருந்து கழிக்கலாம். மீந்ததை 2019 முதல் பத்து ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று பின்வரும் தொழில் வருமானத்தில் கழிக்கலாம். எனவே 'இது தொழிலா, பொழுதுபோக்கா' என்ற கேள்வி இங்கும் எழாமல் இருக்க முடியாது. குதிரைக்குப் பதிலாகப் படகோ, பழைய காரோ, டுரியான் தோட்டமோ இருக்கலாம், அவ்வளவுதான்.

மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கேள்வியே கிடையாது. அவர் புத்தகம், கணினி, இணையக் கட்டணம் என்று எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் வாழ்க்கைமுறைச் செலவுக்கான வரி விலக்கு 2,500 ரிங்கிட்தான். விளையாட்டுச் செலவுக்கு 2024 முதல் தனியாக 1,000 ரிங்கிட். அதற்கும் ரசீதுகளை ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.